மகரக்கட்டு

நெரீனா அம்மையாருக்கு,
நாம் சந்தித்ததே இல்லை.
ஆனால் எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை
திரையில் நான் வாய் திறந்தபோதெல்லாம்
பேசியது நீங்கள்.

கொமாக்கியோவில் விலாங்கு பிடிக்கும் தட்டியோரம்
வாளி கழுவிக்கொண்டிருந்தேன்.
காரில் வந்தவர் என் முகவாயைப் பிடித்து
வெயிலுக்கு ஒருமுறை நிழலுக்கு ஒருமுறை
திருப்பிப் பார்த்தார், பூசணி வாங்குகிறவர்போல.
பேசு என்றார். பேசினேன்.
"குரலில் சேறு நாறுகிறது,
பரவாயில்லை, ரோமில் ஆள் இருக்கிறது."

எனக்கு வசனம் தரவில்லை.
எண்ணச் சொன்னார்கள்.
கோபமென்றால் வேகமாக,
துக்கமென்றால் ஒவ்வொன்றாக.
படத்து அப்பா செத்துப்போகும் இரவில்
முப்பத்தேழு வரை எண்ணினேன்.
கன்னத்தில் கிளிசரின்,
அது ஒழுகி வாய்க்குள் போனால் இனிக்கும்.

ஃபெராராவில் படம் பார்த்தோம்.
இருபத்தொன்பது முப்பது இருந்த இடத்தில்
"விளக்கை அணைக்காதே அப்பா" என்று
நீங்கள் கேவுகிறீர்கள்.
பக்கத்து இருக்கையில் என் அம்மா
மகனென்று நினைத்து
உங்களுக்காக அழுதாள்.
அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
நான் இல்லை அம்மா என்று எப்படிச் சொல்ல?

கரையோரம் லாரியின் பின்னால் ஓடினேனே,
அது நான்தான்.
காலடிச் சத்தம் யாரோ ஒருவர்
மணல் தட்டில் நடந்து கொடுத்தது.
மூச்சிரைப்பு உங்களுடையது.
கால்கள் என்னுடையவை.

ஏழு படங்கள்.
அப்பா கையெழுத்துப் போட்டார்.
படகுக்கு மோட்டார் வந்தது,
வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது.
திறந்தால் உள்ளே விளக்கு எரிகிற பெட்டியைப் பார்க்க
தெருவே வந்தது.
நடிகனைப் பார்க்க யாரும் வரவில்லை,
அவன்தான் தினமும் வாளி கழுவுகிறானே.

பதின்மூன்றில் எனக்கு மகரக்கட்டு உடைந்தது.
உங்களுக்கு உடையவில்லை.
வேறு பையன்கள் வந்தார்கள்.
எல்லோர் தொண்டையிலும் நீங்கள்.
பலெர்மோவில் செருப்புத் துடைத்தீர்கள்,
மிலானில் காணாமல் போனீர்கள்,
ஒருத்தன் ஃபெராரி காரில் அடிபட்டபோது
இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து
என் குரல் சாவதைக் கேட்டேன்.

எனக்குப் பேருந்து கிடைத்தது.
கொமாக்கியோ, கோதிகோரோ, திரும்ப கொமாக்கியோ.
கல்யாண விருந்தில் மாமனார் எழுந்து
"அந்த வரியைச் சொல்லேன் எர்மேத்தே" என்றார்.
சொன்னேன்.
டீசல் குடித்த குரலில் விளக்கும் அப்பாவும்
தரையில் விழுந்து உருண்டன.
எல்லோரும் சிரித்தார்கள், கிளாரிஸ்ஸாவும் சிரித்தாள்.
அவளை மன்னிக்க ஒரு மாதம் ஆனது.

எண்பத்தேழில் யூனியன் கூட்டத்துக்கு ரோம் வந்தேன்.
ரயில் நிலையத்துத் தொலைபேசிப் புத்தகத்தில்
உங்கள் பெயரில் இருவர்.
முதலாமவர் பல் மருத்துவர்.
இரண்டாவது எண்ணுக்கு டோக்கன் போட்டேன்.
"ப்ரோன்தோ?"

அம்மையாரே, அது நான்.
பத்து வயது, சளி பிடித்த மார்ச் மாதத்து நான்.
"ப்ரோன்தோ? யார் பேசறது?"
எனக்கு வாய் வரவில்லை.
வெறும் மூச்சைக் கேட்டு அசிங்கமான ஆளென்று நினைத்திருப்பீர்கள்.
அதற்கு இந்தக் கடிதத்தில் மன்னிப்பு.
எண்ணலாமா என்றுகூட யோசித்தேன்.
ஒன்று, இரண்டு.
மீதி வசனத்தை நீங்கள் போட்டுக்கொள்வீர்களே.
டோக்கன் விழுந்தது.

ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம்.
போன வாரம் வண்டியில் ஒலிபெருக்கி பொருத்தினார்கள்.
நிறுத்தங்களின் பெயரை ஒரு பெண் சொல்கிறாள்,
சுத்தமான ரோமாபுரிக் குரல்,
ஒவ்வொரு முறையும் ஒரு நிறுத்தம் பிந்தி.
பாலம் தாண்டியபின் பாலம் என்கிறாள்.
நேற்று சந்தைக்காரி ஒருத்தி தவறி இறங்கப் போனாள்.
திரும்பி, என் குரலில்,
எங்கள் ஊர்ப் பேச்சில், இடத்தின் பெயரைச் சொன்னேன்.

பின்சீட்டிலிருந்து யாரோ,
"ஏன்யா கத்தறே, காது கேக்குது" என்றார்.

கேட்கிறதாம்.