கழித்தல் கணக்கு

வெள்ளைக்கல் என்று பேர் வைத்தது நான்தான்.
கல்லாகவே உட்கார்ந்துவிடும் என்று நினைக்கவில்லை.
ஐந்தரைக் கிலோ.
"வீட்டுக்குள்ளயே வளக்கறீங்க, ஓட விடணும்மா"
என்றார் ஊசி போட்டவர்.

செவ்வாய்ப்பேட்டையில், மூன்றாவது மாடியில்,
ஒன்றரை அறையில்
எங்கே ஓட?

முட்டை அட்டைக் குழிகளில் நெத்திலியை ஒளித்து வைத்தேன்.
என்னைப் பார்த்தது, அட்டையைப் பார்த்தது,
படுத்துக்கொண்டது.
விடிந்தபோது அட்டை கந்தல்.

மணி கோக்கையில் கொலுசிலிருந்து
ஒன்று தவறி உருண்டது.
பீரோவுக்கடியில் அது பாய்ந்த பாய்ச்சலில்
என் டீ டம்ளர் போயிற்று.
அதன்பிறகு தவறுவதெல்லாம்
கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

இரவில் ஜன்னலோரம் இருவரும்.
ஏற்காட்டு மலையில் ஏறும் ஒற்றை வெளிச்சத்தைக்
கண்ணாடிமேல் கை வைத்து அமுக்கும்.
வளைவில் மறையும்; வால் துடிக்கும்.
அடுத்த கொண்டை ஊசியில்
முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது
இப்போதெல்லாம்.

சனிக்கிழமை பட்டறையில்
எடை போட்டார் சீரங்கன்.
"மணி பதினொண்ணு கொறையுதே, பாவாயி?"
"பூனைக்குக் கூலி."
சிரிக்காமல் என் கூலியில் கழித்தார்.

பரவாயில்லை.
பூனையிலும்
அரைக் கிலோ கழிந்திருக்கிறது.