இலை எடை

ஆயிரம் பீடிக்கு எழுநூறு கிராம் இலை வேணும்.
பூதலிங்கம் அண்ணாச்சி கடையில் கிடைப்பது
அவர் தராசு சொல்லுகிற எழுநூறு.
வீட்டில் வெட்டிச் சுருட்டினால்
எழுநூற்றைம்பதாவது பீடியில் தட்டு காலி.
மிச்சத்துக்கு இலை
அவரிடமே, விலைக்கு.

இது எனக்குத் தெரியும், முப்பிடாதிக்குத் தெரியும்,
முக்கூடலில் மடியில் தட்டு வைத்திருக்கிற
அத்தனை பேருக்கும் தெரியும்.
தெரிந்து என்ன,
ஒவ்வொருத்தி வீட்டிலும் அது
அவளவள் குறையாகக் கிடந்தது.
"உனக்கு ஓட்டைக் கை, இலையை வீணாக்குதே"
என்பார் அண்ணாச்சி.
பதினோரு வருசம் நானும் நம்பினேன்.

சுடலைவடிவின் மகள் போனில் எதையோ தேடப்போய்
எதையோ கண்டாள்.
ஆப்பிரிக்காவில் ஒரு ஏரி.
கரையில் மீன் வாங்கி விற்கிற பொம்பளைகள்.
படகுக்காரன் தராசில் ஒரு எடை,
சந்தைக்கு வந்தால் ஒரு எடை.
அவர்கள் ஒரு செயலி செய்து வைத்திருந்தார்கள்:
தராசைப் படம் எடு, எண்ணைப் போடு, அனுப்பு.
யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று
கீழே எழுதியிருந்ததாம்.
காசு? என்றேன்.
காசு இல்லை.
அதை நம்ப ரெண்டு நாள் ஆனது.

செய்தவள் பெயர் அவுவோர்.
எங்கள் வாயில் அவள் 'அவ்வூர்' ஆனாள்.
நடுராத்திரியில் பிறந்த பெண்ணுக்கு வைக்கிற பேராம்.
எவ்வூர் என்றால், கிசுமு.

பொத்தான் எல்லாம் அவர்கள் பாஷை.
பிள்ளை உட்கார்ந்து தமிழாக்கினாள்.
எடை, தேதி, கடை. பேர் வேண்டாம்.
கடைசிப் பொத்தான் மட்டும் விட்டுப்போச்சு:
தூமா.
அனுப்பு என்று அர்த்தமாம்.
தட்டு குலுங்கச் சிரித்தோம்.
நம்மூரில் அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டில்
என்ன சொல் குடியிருக்கிறது என்று
இதைப் படிக்கிற ஆம்பளைகளுக்கும் தெரியும்,
ஏசுவதற்கென்றே வைத்திருக்கிறீர்களே.
மாற்றட்டுமா என்றாள் பிள்ளை.
கிடக்கட்டும் என்றாள் முப்பிடாதி.

மீன்காரி அருள்மணியின் தராசு
தெருத்தெருவாகப் போனது.
இலைக்கட்டில் நெத்திலி வாடை.
ஐநூற்று அறுபது, தூமா.
ஐநூற்று முப்பது, சாக்கு ஈரம் வேற, தூமா.
நெட் கிடைக்காத ஒருத்தி
ஆற்றுப்பாலத்தில் ஏறி நின்று, தூமா.
ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி வைத்து
எட்டு கிலோ இருநூறு என்று அனுப்பிவிட்டாள்.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொண்ணூறு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
ரெண்டரை டன் இலை.
அவ்வளவும் எங்கள் ஓட்டைக் கையில் விழுந்திருந்தால்
வீட்டுக்குள் நடக்கவே வழி இருந்திருக்காது.

தாளில் அச்செடுத்துக்
கடைச் சுவரில் ஒட்டினோம்.
இன்னொன்று தொழிலாளர் ஆபீசுக்கு.
அண்ணாச்சி மூக்குக்கண்ணாடி மாட்டிப்
பேரைத் தேடினார். பேர் இல்லை.
சும்மா இருக்க முடியுமா,
வேலம்மாளுக்கு மூணு வாரம் இலை நிறுத்தினார்.
ஆளுக்கொரு பிடி எடுத்து அவள் தட்டில் போட்டோம்.
இந்தக் குறையையும் ஏற்றட்டுமா
என்று பிள்ளை கேட்டாள்.
ஏற்றாதே, இது குறை இல்லை.

இப்போது கடையில் புதுத் தராசு.
இலை அறுநூற்று நாற்பது நிற்கிறது.
எழுநூறு இல்லை.

நேற்று அவ்வூரிடமிருந்து குரல் செய்தி.
பின்னால் தண்ணீர், யாரோ விலை கத்துகிறார்கள்.
அங்கேயும் தராசு மாறிவிட்டதாம்,
படகுக்காரர்கள் இப்போது
மீனுக்குள் ஐஸைத் திணிக்கிறார்களாம்.
என்ன செய்ய என்று எங்களைக் கேட்கிறாள்.

முப்பிடாதி கத்தரியைக் கீழே வைத்தாள்.
சாக்கை உதறிட்டு நிறுக்கலாம்,
ஐஸை உதற முடியாதே.
கொஞ்ச நேரம் நூலைப் பல்லில் கடித்திருந்தாள்.
"கூடையைச் சாய்ச்சு வடியவிடச் சொல்லு.
வடிஞ்ச தண்ணியையும் நிறுக்கச் சொல்லு.
படம் எடுக்கச் சொல்லு."

பிள்ளை அதை அவர்கள் பாஷையில் ஏற்றினாள்.
இங்கே எட்டு மணி. அங்கே இன்னும் இருட்டவில்லை.
பொத்தானை நான் அமுக்கினேன்.