ஒப்படைப்பு ரசீது

மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே
ஒரு குடைக்கும் ஒரு தட்டச்சுப் பொறிக்கும் நடுவே
இருதயராஜ் உட்கார்ந்திருக்கிறார்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய். மேல்முறையீடு என்றால் நாற்பது.

பெயர் சொன்னேன். அஞ்சலாட்சி, க/பெ தனகோடி.
காடாம்புலியூருக்குத் தெற்கே இரண்டே கால் ஏக்கர் முந்திரி,
ஊடுபயிர் மல்லாட்டை.
பொருள்: ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பு,
உரிமம் மறுத்த ஆணையின் மீது.

ஆணையில் மூன்று பத்தி.
முதல் இரண்டும் விதிகளைப் பற்றி.
மூன்றாவதில் நான் இருந்தேன்:
'மனுதாரருக்கு மனநோய் சிகிச்சை பெற்ற முன்வரலாறு உள்ளது.'
வரலாறாம்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு வராத பாடம்.

பன்றி என்ன செய்கிறது என்று கேட்டார்.
அது மல்லாட்டையைத் தின்பதோடு விடுவதில்லை அண்ணே, உழுகிறது.
விடிந்து போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டிய மாதிரி இருக்கும்,
கூலி கேட்காத ஏர்.
தகரம் தட்டினேன். பழைய புடவை கட்டினேன்.
வெடி போட்டேன்; நாலு நாளில் வெடிக்கும் பழகிவிட்டது.
நான் சுடப்போவது வானத்தை.
கண்புரை வந்து உரிமத்தை என் பேருக்கு மாற்றும்வரை
அப்பாவும் அதைத்தான் சுட்டார்.
வானம் இதுவரை புகார் கொடுத்ததில்லை.

அடுத்து, என்றார்.

அடுத்து,
புயல் வருவதற்குப் பதினோரு நாள் முன்னால்.
பிள்ளை பிறந்து முப்பத்தாறாம் நாள்.
தூக்கம் என்னை விட்டு எங்கோ வெளியூர் வேலைக்குப் போயிருந்தது.
பரணில் கிடந்த துப்பாக்கி
பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது.
என் பேரை மட்டும் கூப்பிட்டிருந்தால் பொறுத்திருப்பேன்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் குணவதியிடம் கொடுத்துவிட்டு
அதைச் சாக்கில் சுற்றி
நாலு கிலோமீட்டர் நடந்தேன், தையல் இழுக்க இழுக்க.
காவல் நிலையத்தில் எழுத்தர் கேட்டார், ஏன் தருகிறாய்?
வீட்டில் இருக்க வேண்டாம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. ரசீது எழுதினார்.
அங்கிருந்தே பஸ் ஏறினேன், புதுச்சேரிக்கு, ஜிப்மருக்கு.
பத்து வாரம்.
நான் உள்ளே இருந்தபோதுதான் புயல் வந்து
முந்திரி மொத்தமும் வேரோடு படுத்தது.
மரத்துக்கு நிவாரணம் கொடுத்தார்கள்,
முன்வரலாறு கேட்காமல்.

இருதயராஜின் விரல்கள் நின்றன.
"இத எடுத்துடலாம்மா.
'தற்போது பூரண நலம்'னு போட்டு டாக்டர் சான்றிதழ இணைச்சிடலாம்.
இத எழுதுனா நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஒத்துக்கொள்கிறேன், அடியுங்கள் என்றேன்.
என் புத்தி முழுசாக வேலை செய்த நாள் ஒன்று சொல் என்றால்
அந்த நாளைத்தான் சொல்வேன்.
அதற்கு என்னிடம் ரசீது இருக்கிறது,
தேதி போட்டு, முத்திரை குத்தி.
ஆணை எழுதியவரிடம் இருக்கிறதா, அப்படி ஒன்று?

அவர் அடித்தார். மெதுவாக, எழுத்து எழுத்தாக.

பட்டா நகல் எடுக்கப் போயிருந்த மகள்
அதற்குள் வந்துவிட்டாள்.
ஏழாம் வகுப்பு, தமிழில் தொண்ணூற்று நாலு.
பிழை பார்க்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டாள்.
தடுக்க ஒரு சாக்கு தேடினேன், கிடைக்கவில்லை.

விரல் வரி வரியாக இறங்கியது.
முப்பத்தாறாம் நாளில் நின்றது.
சாலையில் ஒரு பஸ்
விருத்தாசலம் விருத்தாசலம் என்று கூவிக்கொண்டே போனது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பேனா கேட்டாள்.

"'ஒப்படைத்தேன்'ல ஒரு 'ப்' விட்டுப்போச்சு."

இரண்டு எழுத்துக்கு நடுவே இடம் தேடி
அதை எழுதினாள்,
அழுத்தி, புள்ளி வைத்து.