நாற்பத்தேழாவது வித்து

ஐம்பது எண்ண வேண்டும் என்பது விதி.
நாற்பத்தாறு வரை சொன்ன பேச்சு கேட்டன:
மருந்து கலந்த அகாரில் லேசாய் முளைவிட்டு
கோணி, வீங்கி, அப்படியே நின்றுவிட்டன.
நாற்பத்தேழாவது மட்டும்
கண்ணாடியில் கீறிய அளவுகோலைத் தாண்டி
நேராகப் போயிருக்கிறது,
லிமோன் துறைமுகத்துக்குக்
கொள்கலன் லாரி போகிற மாதிரி.
தட்டை நகர்த்தித்தான் அளக்க முடிந்தது.

இலை வந்த உறையைத் திருப்பினேன்.
பண்ணை பதினொன்று, கம்பி வரிசை நான்கு,
அறுத்தவன் எலாடியோ.
ஈரத்தில் மை ஊறியும் எழுத்து தெரிகிறது.
நீளக் கழியில் அரிவாள் கட்டி
கறுத்த இலைகளை
நாளெல்லாம் அண்ணாந்து அறுக்கிறவன்.
கழுத்துவலிக்கு எங்கள் குளிர்ப்பெட்டியில்
ஒரு ஐஸ் பை வைத்திருக்கிறான்.

மத்தீனாவிலிருந்து சிக்கிரெஸ் வரை
நிற்பதெல்லாம் ஒரே வாழை.
ஒரே உயரம், ஒரே சீப்பு, ஒரே சாவு.
அதைத் தின்னும் பூஞ்சையோ
நனைந்த இலைக்குள் ஜோடி சேர்ந்து
ஒவ்வொரு முறையும் சீட்டைக் கலைத்துப் போடுகிறது.
ஒரு பைக்குள் எட்டு வித்து;
எட்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்று
யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை.
நாங்கள் இறக்குவது மட்டும்
போன வாரம் இறக்கிய அதே சீட்டு.

"சராசரி எவ்வளவு, யோர்லெனி?"
தொலைபேசியில் பொறியாளர் உலாத்தே.
சராசரிக்கு ஒரு குறையும் இல்லை.
நாற்பத்தொன்பது பேர் குனிந்திருக்கையில்
நிமிர்ந்த ஒரு தலையை
அது தன் மடியில் மறைத்துக்கொள்ளும்.
சொன்னேன்.
"ஒன்றுதானே" என்றார்.
ஒன்றுதான்.

விடியலில் மஞ்சள் விமானம் வந்தது.
பத்து நாளுக்கு ஒருமுறை என்றிருந்தது
இப்போது ஏழு.
கொடியில் கிடந்த கெய்லினின் பள்ளிச் சட்டையை
ஓடிப்போய் எடுத்தேன்;
ஒரு கை மட்டும் நனைந்துவிட்டது.
தண்ணீர்த் தொட்டியில்
எண்ணெய் வானவில் விரித்துப் படுத்திருந்தது.

படிவத்தில் சராசரிக்கு ஒரு கட்டம் உண்டு.
அதை நிரப்பினேன்.
கட்டத்துக்கு வெளியே, விளிம்பில்,
47: இருநூற்றுப் பன்னிரண்டு மைக்ரான்
என்று எழுதினேன்.
தட்டுகளை வேகவைத்து அழிக்க வேண்டும்.
அழித்தேன்.
அதற்கு முன் ஊசி முனையில் அதை மட்டும் எடுத்து
ஒரு குழாயில் குடிவைத்தேன்.

மாலையில் எலாடியோ
ஐஸ் பைக்குக் கை நீட்டினான்.
"அந்தக் குழாயைத் தொடாதே."
"என்ன அது?"
"நீ அனுப்பியதுதான்."
கழுத்தைத் திருப்ப முடியாமல்
உடம்போடு திரும்பிப் பார்த்தான்.