களிம்பு

காக்லியாரி மருத்துவமனை, நான்காம் மாடி.
கண்ணாடித் தகட்டில் நூலிழை அளவு ஈரல்.
சாயம் ஏற்றியதும்
செம்பு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது,
அங்கங்கே செங்கல் பொடியாக.

இது பாட்டிஸ்டினா முரெட்டுவின் ஈரல்.
வயது இருபத்திரண்டு. ஒல்பியாத் துறையில் மட்டி விற்கிறாள்.
மஞ்சள் இல்லை, வீக்கம் இல்லை.
ஊசி குத்தியதுதான் வலித்தது என்றாளாம்.

அவள் அண்ணன் சிசின்னியோவின் தகடு
மூன்று மரப்பெட்டி தள்ளி இருக்கிறது.
அதையும் நான்தான் படித்தேன், பிப்ரவரியில்.
தழும்பு, தழும்பு,
நடுவே மூழ்கும் தீவுகள்.

ஒரே தாய், ஒரே தகப்பன்,
செம்பை வெளியே அனுப்பும் கதவு
இருவருக்கும் பிறவியிலேயே திறக்கவில்லை.
செம்போடு பிறந்தது களிம்பு என்பார்கள்.
இந்த வீட்டில் செம்பேதான் களிம்பு.

இத்தனை வருஷம் இவளை யார் காத்தது?
பெயர் சொன்னால் நாக்கு சுளுக்கும் ஒரு சின்னப் புரதம்.
அறுபத்துச் சொச்சம் மணி கோத்த சரம்,
அதில் இருபதுக்குக் கந்தகக் கை.
வரும் செம்பைப் பிடித்துக்கொள்ளும்.
வேறு வித்தை எதுவும் தெரியாது அதற்கு.

மருந்து என்று எழுதினார்கள்: துத்தநாகம்.
கதைகளில் நாகம் புதையலைக் காக்கும்;
இந்த நாகம்
புதையல் சேராமல் காக்கிறது.
மூன்று வேளை, வெறும் வயிற்றில்.
குடலோரச் செல்களைத் தட்டி எழுப்ப
அவை அதே புரதத்தை நெய்து குவிக்கின்றன,
ரொட்டியில் வரும் செம்பை வாசலிலேயே மறிக்கின்றன.
நாலைந்து நாளில் உதிர்கின்றன,
பிடித்த பிடி விடாமல்.
யாரும் துக்கம் கேட்பதில்லை.
காலையில் ஒரு வாளித் தண்ணீர், தீர்ந்தது.

அக்டோபரில் அவளே மேலே வந்துவிட்டாள்.
நோயாளிகள் வரக்கூடாத மாடி இது.
மூன்றரை மணி நேர ரயில்,
கையில் ஈரச் சாக்கு சுற்றிய வாளி.
"நான் தின்னக்கூடாதாம். நீங்களாவது."
மட்டிக்குள்ளும் அதே புரதம் உண்டு,
கடல் கொண்டுவரும் உலோகத்தை அதுவும் பிடிக்கிறது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"என்னுடையது வேண்டாம். அவனுடையதைக் காட்டுங்கள்."

நுண்ணோக்கியில் கண் வைத்தவள்
நெடுநேரம் எடுக்கவே இல்லை.
"அது எங்கே?"
தெரியாது, அது பிடித்திருப்பதுதான் தெரியும் என்றேன்.
"அப்படியானால் இவனுக்கும் இருந்ததா?"
இருந்தது.
"பிறகு?"
கைகள் போதவில்லை.

தலையசைத்தாள், கடையில் கணக்கு ஒத்துப்போனதைப் போல.
மணி நாலு.
பையிலிருந்து மாத்திரையை எடுத்துத்
தண்ணீர் கேட்டாள்.
பீக்கர் தவிர இங்கே கோப்பை இல்லை,
ஓடிப்போய் செவிலியர் அறையிலிருந்து வாங்கிவந்தேன்.

இரவு மட்டிகளை வேகவைத்தேன்.
பூண்டு, கொஞ்சம் வெள்ளை ஒயின்.
எல்லாம் வாய் பிளந்தன,
ஒன்று மட்டும் திறக்கவில்லை.