நான்கு விரல்

டுலூத்தில் மைனஸ் பதினெட்டு.
விடிந்து பார்த்தால் எங்கள் அமரர் ஊர்தி
பனியில் பின்பக்கம் பதிய உட்கார்ந்திருக்கும்.
சாவியைத் திருப்பினால் கம்ப்ரசர் இருமும்,
மூன்று நிமிடம் இரைக்கும்,
பிறகுதான் எழும்.

திருமதி ஹால்வர்சனை ஏற்றிய அன்று
எழவே இல்லை.
தேவாலய வாசலில் அவர் மகன்கள்
வண்டியைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை.

ஆர்வோ காற்றுப் பையில் சோப்பு நீர் தடவினான்.
மடிப்பெல்லாம் குமிழி.
கழற்றி எறிந்தான்.
இரண்டு சுருள்வில், இரண்டு ஷாக்,
நானூற்றுப் பத்து டாலர், ஒரு பிற்பகல்.
டாஷ்போர்டில் அணைய மறுத்த மஞ்சள் விளக்குக்கு
ஒரு துண்டு கறுப்பு டேப்.
இனி இறங்காது, போ என்றான்.

இறங்குகிறது.
காற்று எல்லோரையும் ஒரே உயரத்தில் வைத்திருந்தது.
இரும்புக்கு அந்த நாசூக்கு கிடையாது.
தாதுக் கப்பலில் கிடந்து உழைத்த லுண்ட்குவிஸ்டுக்கு நான்கு விரல்,
பியானோ டீச்சருக்கு இரண்டரை.
சக்கர வளைவில் கைவைத்து அளப்பது
எப்படியோ பழக்கமாகிவிட்டது.

நேற்று ஒரு வெள்ளைப் பெட்டி.
அப்பாவே தனியாகத் தூக்கிவந்து வைத்தார்.
கதவைச் சாத்திவிட்டுக் குனிந்தேன்.
விரல் நுழையவில்லை,
வெறும் வண்டியின் அளவு.

ஏரி வரை இறக்கம்.
பதினைந்து மைலைத் தாண்டாமல் ஓட்டினேன்.
பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.