ஆணி

ஓட்டேரியில் அந்த மருந்துக்கடைக்கு
நான்தான் கணக்கெழுதுகிறவள்.
பரந்தாமன் முதலாளி உயிரோடிருந்தவரை
இரவு கல்லாவை எண்ணினால்
அறுபது குறையும், எண்பது குறையும்,
ஒருநாள் இருமல் மருந்து இரண்டு பாட்டில்.
யாரென்று அவர் கேட்டதில்லை.
மதியம் இரண்டரைக்கு மேல்
சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார்.

செத்தபின் தூங்குவதில்லை.

கல்லாவுக்கு மேலே மாட்டினார் மகன்.
சந்தன மாலை, சுற்றி ஓடும் சீரியல் பல்பு.
ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியதில்
யாரையோ சந்தேகப்படுகிற முகம்.
பதினோரு மாதமாகப் பைசா குறையவில்லை.

"மொதலாளி பாத்துனே கீறாரு மேடம்" என்பான்
டெலிவரிக்குப் போகும் ரூபன்.
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்.
உங்கள் வேதத்தில் செத்தவர்கள் உறங்குகிறார்களே என்றேன்.
"அது அங்க மேடம். இது கடை."

எனக்கு ஆவி, ஆன்மா எதிலும் நம்பிக்கையில்லை.
தான் இல்லாமல் போவதை
மனதால் நினைத்துப் பார்க்க முடியாது,
அதனால்தான் மற்றவர்களையும் மிச்சம் வைக்கிறது
என்று பஸ்ஸில் எனக்கு நானே விளக்கிக்கொள்வேன்.
அம்மா போன மறுவாரம்
அவள் பீரோவைத் திறக்குமுன்
கதவைத் தட்டியவளும் நான்தான்.

டிசம்பர் மழையில் கால்வாய் பொங்கியது.
சுவரில் ஈரம் ஏறி, சட்டமெல்லாம் பூஞ்சை.
படத்தை ஸ்டுடியோவுக்குக் கொடுத்தார்கள்.
நான்கு நாள்
வெளுத்த சதுரம் மட்டும், மேலே ஓர் ஆணி.

முதல் நாள் கணக்கு சரி.
மறுநாளும்.
ரூபன் பழக்கத்தில் ஆணியைப் பார்த்து
"வரேன் மொதலாளி" என்றுவிட்டு வண்டியை உதைத்தான்.

மூன்றாம் நாள் இரவு நான் தனியாக இருந்தேன்.
சோதனைதான் என்று சொல்லிக்கொண்டு
நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கைப்பையில் போட்டேன்,
ஜிப்பை மூடினேன்,
ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுத்
திரும்பிப் பார்த்தேன்.

துருப்பிடித்த தலை.
அதற்கு முகம்கூட இல்லை.

உள்ளே போய் நோட்டை வைத்தேன்.
இன்னொரு முறை எண்ணினேன்,
வாய்விட்டு, கொஞ்சம் உரக்கவே.

படம் திரும்பி வந்தது, புதுச் சட்டத்தில்.
ஸ்டுடியோக்காரன் டச்சப் செய்து
உதட்டோரம் லேசாகச் சிரிக்க வைத்திருந்தான்.

அந்த வாரமே நாற்பது ரூபாய் குறைந்தது.
சத்தியமாக நான் எடுக்கவில்லை
என்று
யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?